பின்சீட்டு இல்லாத ஹெரால்டு

சடகோபன் சித்தப்பா காரின் கதவைத் திறந்து, முன்சீட்டை மடக்கித் தலையை உள்ளே விட்டவர், அப்படியே நின்றுவிட்டார்.

"எங்கடா சீட்டு?"

இளங்கோவன் கையில் ஈரத்துணியோடு இன்னொரு கதவின் பக்கம் குந்தியிருந்தான். கதவில் சுண்ணாம்பால் எழுதியிருந்த 14 என்ற எண்ணைத் தேய்த்துக்கொண்டிருந்தான். மழை வந்தாலும் நிற்கட்டும் என்று சுண்ணாம்பில் தறிப் பாவுக்குப் போடும் கஞ்சியைக் கலந்திருந்தான். அது இப்போது வினையாகிவிட்டது. ஒன்று போய்விட்டது. நாலு போக மாட்டேன் என்றது.

"உன்னத்தான்டா கேக்கறேன். பின்னால ஒண்ணியும் காணோம், வெறும் தகரம்தான் கெடக்குது. கோமளாக்காவ எங்க ஒக்கார வெச்சிகினு வருவ, தலமேலயா?"

"கழட்டி வெச்சிருக்கேன் சித்தப்பா."

"எங்க?"

இளங்கோவன் வீட்டுக்குள் பார்த்தான். சித்தப்பாவும் பார்த்தார். கூடத்துச் சுவரோரமாக அந்தச் சிவப்பு ரெக்சின் சீட்டு கிடந்தது. சற்று முன்புதான் நாலு பேர் சேர்ந்து அவனைப் பெற்ற நைனாவை அதிலிருந்து தூக்கித் தரையில் தெற்கே தலை வைத்துக் கிடத்தியிருந்தார்கள். சீட்டின் நடுவே அவர் உட்கார்ந்த பள்ளம் இன்னும் மேலே எழும்பி வரவில்லை.

சித்தப்பா குரலைத் தாழ்த்தினார். "சரி, அத்த கொண்டாந்து மாட்டு. வேற இன்னா பண்றது?"

"உசுரு போன சீட்டு." உள்ளேயிருந்து அம்மாவின் குரல் வந்தது. பொழுது விடிந்ததிலிருந்து அவள் பேசிய முதல் பேச்சு அதுதான். "அது இனிமே வண்டிக்கு ஏறாது."

பக்கத்து வீட்டிலிருந்து ஒரு கோரைப்பாய் வந்தது. சித்தப்பா அதைக் காரின் பின்பக்கத் தகரத்தில் விரித்தார்.

"பொதட்டூர்பேட்ட போயி அக்காவ இட்டுகினு வா. பஸ்சுல வர ஒடம்பா அது? சீக்கிரம் வா, இன்னும் ஆயிரம் வேல கெடக்குது. உன் தங்கச்சி பத்மா பெங்களூர்லருந்து வந்து சேர மத்தியானத்துக்கு மேல ஆவும். அதுக்குள்ள எல்லாம் முடிச்சி வெக்கணும்."

மத்தியானத்துக்கு மேல். இளங்கோவனின் மனசு அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டது. மத்தியானத்துக்கு மேல்தான் எடுப்பார்கள் என்றால், இப்போது புறப்பட்டால், பூந்தமல்லிப் பக்கம் போய், ஒரே ஒரு ஓட்டம் ஓட்டிவிட்டு...

தன்னையே அறைந்துகொள்ளலாம் போல இருந்தது. எழுந்து துணியை வாளியில் எறிந்தான்.

எமர்ஜென்சி முடிந்து அடுத்த வருஷம் வந்த சித்திரை அது. ஞாயிற்றுக்கிழமை. இரண்டு மாதமாக அவன் காத்திருந்த ஞாயிற்றுக்கிழமை.

அவர்களுக்கு வீட்டுப் பின்கட்டில் மூன்று தறி. லுங்கி நெய்து, பேல் என்கிற பெரிய மூட்டைகளாகக் கட்டி மெட்ராஸ் மொத்தக்கடைக்குப் போடுவார்கள். பேல் ஏற்றத்தான் நைனா அந்தப் பழைய ஸ்டாண்டர்டு ஹெரால்டை அரக்கோணத்து டாக்டர் ஒருவரிடமிருந்து வாங்கினார். வாங்கியவர் ஓட்டக் கற்றுக்கொள்ளவில்லை. ஓட்டியவன் இளங்கோவன். ஒருமுறை கடைக்காரரின் மகன்தான் சொன்னான்: பூந்தமல்லிக்கு இந்தப் பக்கம் ஒரு மைதானத்தில், மோட்டார் கிளப்காரர்கள் ஆட்டோகிராஸ் என்று ஒன்று நடத்துகிறார்கள். பெரிய பந்தயக் கார் எல்லாம் வேண்டாம். அன்றாடம் ஓட்டுகிற சொந்த வண்டியே போதும். மண்தரையில் டிரம்களை நிறுத்தி வளைந்து வளைந்து ஒரு பாதை போட்டிருப்பார்கள். ஒரு நேரத்தில் ஒரு வண்டி. எதிராளி கடிகாரம்தான். டிரம்மை இடித்தால் நேரம் கூடும். டிரம்மைத் தப்பான பக்கம் சுற்றினால் நேரமே கிடையாது, போ என்று அனுப்பிவிடுவார்கள்.

அதைக் கேட்டதிலிருந்து அவனுக்குச் சோறு இறங்கவில்லை.

மெட்ராஸ் ரோட்டு முனையில் மெக்கானிக் ஷெட் போட்டிருந்த தஸ்தகீர் பாய்தான் குரு. குரு என்றால் அவரும் பந்தயம் ஓட்டியவர் இல்லை. ஆனால் வண்டி தெரியும். ஸ்டெப்னி, ஜாக்கி, பின்சீட்டு எல்லாவற்றையும் கழற்றி எடையைக் குறைத்தது அவர்தான். "ஹெரால்டுக்கு ஜோர் கம்மி தம்பி," என்றார். "ஆனா நின்ன எடத்துல திரும்பும். அது ஒண்ணு போதும் உனக்கு." இன்னொன்றும் சொன்னார்: "சுத்தற டின்ன பாக்காத. அடுத்த டின்ன பாரு. கண்ணு போற எடத்துக்குத்தான் வண்டி போவும்."

"கடைசி டின்னுக்கு எத பாக்கறது பாய்?"

"முடியற எடத்த பாரு."

முதல் தடவை மாசி மாதம் போனான். காலையில் பாதையை நடந்து பார்த்துக்கொள்ள விட்டார்கள். எல்லோரையும் போல அவனும் நடந்து மனப்பாடம் செய்தான். வண்டியில் ஏறினான். எல்லா டிரம்மும் சரியாக வந்தது. கடைசி டிரம்மை மட்டும் ஒரு முழுச் சுற்று சுற்றிவிட்டு முடிவுக் கோட்டுக்கு ஓட வேண்டும். டிரம் இடது கைப் பக்கம் இருக்க வேண்டும். இடமாகச் சுற்ற வேண்டும். அங்கே வந்ததும் அவன் கை தானாக வலமாகத் திருப்பியது. எத்தனை வருஷப் பழக்கம். கிருத்திகைக்குக் கிருத்திகை மலையேறி, சந்நிதியைச் சுற்றி, கொடிமரத்தைச் சுற்றி வளர்ந்த கை. எதையும் சுற்றுவது என்றால் வலக்கைப் பக்கம் வைத்துத்தான் சுற்றும். போதாததற்கு ஸ்டியரிங் வலப்பக்கம். இடப்பக்கம் இருக்கும் டிரம் பானெட்டுக்கு அப்பால் ஒளிந்துகொள்ளும். கொடிக்காரன் கொடியைக் குறுக்கே ஆட்டினான். அவ்வளவுதான்.

அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் நைனா கேட்டார். "எவ்ளோ நேரத்துல வந்த?"

"நேரம் போடல."

"நேரம் போடாம இன்னாடா பந்தயம்?"

சொல்ல வேண்டியதாயிற்று. கேட்டுவிட்டு நைனா சிரித்தார். சிரிப்பு இருமலாகி, இருமல் இழுப்பாகி, அம்மா வந்து முதுகைத் தடவும் வரை நிற்கவில்லை. மூச்சு திரும்பியதும் சொன்னார்: "எடமா சுத்தறது அவ்ளோ கஷ்டமாடா? எனக்குக் கொள்ளி வெக்கறப்ப சுத்துவ பாரு, அப்ப தானா வரும்."

அம்மா, "சீ, இன்னா பேச்சு இது," என்றாள்.

அதற்குப் பிறகு தினமும் சாயங்காலம் ஏரிக்குள் போனான். தண்ணீர் வற்றி வெடித்துக் கிடந்த ஏரி. காலி மண்ணெண்ணெய் டின்களை வரிசையாக நிறுத்தி ஓட்டினான். எட்டு தடவையில் ஆறு தடவை கடைசி டின் நசுங்கும், இல்லையென்றால் கை வலமாகப் போகும். ஏரியின் மறுகரையில் சுடுகாடு. அங்கே வேலை பார்க்கும் தணிகாசலம் சில நாள் கரையில் நின்று பார்ப்பார். "டின்னு இன்னா பாவம் பண்ணுச்சு தம்பி?" என்பார்.

ஒருமுறை சரியாக வர வேண்டும். ஒரு காகிதத்தில் ஒரு நேரம் எழுதித் தர வேண்டும். பரிசெல்லாம் வேண்டாம். வீட்டுக்கு வந்து, எவ்ளோ நேரத்துல வந்த என்று நைனா கேட்கும்போது, இவ்வளவு என்று ஒரு எண்ணைச் சொல்ல வேண்டும். இளங்கோவனுக்கு இருந்த ஆசை அவ்வளவுதான். அது இன்றைக்குத்தான் நடக்க இருந்தது.

விடியற்காலையில் அவன்தான் முதலில் எழுந்தான். சக்கரத்தடியில் வைக்க எலுமிச்சம்பழம், அடிவாரத்தில் உடைக்கத் தேங்காய் எல்லாம் எடுத்து வைத்துக்கொண்டு வண்டியைக் கிளப்பினான். சைலன்சரையும் கழற்றியிருந்ததால் அது தெருவையே எழுப்புகிற சத்தம். ஒவ்வொரு நாளும் அந்தச் சத்தம் எழுந்த உடனே உள்ளேயிருந்து நைனா கத்துவார்: "எவன் வூட்டு எழவுக்குடா காலங்காத்தால இந்த சத்தம்?"

இன்றைக்குக் கத்தவில்லை.

அவன் இன்னொரு முறை ஆக்ஸிலரேட்டரை அழுத்திப் பார்த்தான். வேண்டுமென்றே அழுத்தினான். சத்தம் தெருக்கோடி வரை போய்த் திரும்பி வந்தது. உள்ளே அமைதி. எஞ்சினை நிறுத்திவிட்டு அவன் வீட்டுக்குள் போனபோது, சீட்டில் சாய்ந்தபடி நைனா கண்ணைத் திறந்து வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் அம்மா காபி டம்ளரோடு நின்றிருந்தாள்.

பொதட்டூர்பேட்டை வரை வண்டியை விரட்டினான். ஒவ்வொரு ஊர் முனையிலும் நின்றவர்கள் சத்தம் கேட்டுத் திரும்பிப் பார்த்தார்கள். ஒரு டீக்கடையில் ஒருவன், "டேய், நாலாம் நம்பரு போவுது பார்ரா!" என்று விசிலடித்தான். சாவுக்கு ஆள் அழைக்கப் போகிற வண்டி என்று எப்படிச் சொல்வது? வழியெல்லாம் கட்டை வண்டிகள். கரும்பு ஏற்றிய வண்டி ஒன்று ரோட்டை அடைத்துக்கொண்டு நகர்ந்தது. ஹார்னை அடித்தான். வண்டிக்காரன் தூங்கிக்கொண்டிருந்தான். இளங்கோவன் ஸ்டியரிங்கைக் கையால் ஓங்கிக் குத்தினான். இந்நேரம் திருவள்ளூரைத் தாண்டியிருப்பேன் என்ற நினைப்பு வந்தது. வந்ததும், இன்னொரு குத்து.

இன்னிக்கா நைனா? உனக்கு வேற நாள் கெடைக்கலியா?

கோமளவல்லி அத்தைக்குச் செய்தி முன்பே வந்திருந்தது. தலைவிரி கோலமாக வாசலுக்கு வந்தவள், காரைக் கண்டதும் அழுகையை நிறுத்தினாள்.

"இதுலயாடா ஏறணும்?"

"முன்னால ஒக்காருங்க அத்தே."

"முன்னாலயா? கதவண்ட ஒக்காந்து ஊர்கோலம் போறதுக்கு நான் இன்னா கல்யாணப் பொண்ணா? பின்னாலயே ஏறறேன்." முன்சீட்டை மடக்கினான். அந்த இடுக்கு வழியாக அத்தையின் பாதி உடம்பு உள்ளே போனது. மீதி வெளியே நின்றது. இரண்டு பெண்கள் பின்னாலிருந்து தள்ளினார்கள். உள்ளே போய் விழுந்தவள், "சீட்டு எங்கடா பாவி?" என்றாள்.

"கழட்டிட்டேன்."

"ஏன்?"

"எட கொறைக்க."

"யார் எடய?"

அவன் வண்டியைக் கிளப்பினான். எஞ்சின் சத்தத்துக்கு மேலே அத்தை ஒப்பாரி வைத்தாள். ராசா மாதிரி இருந்தியே என்பது மட்டும் கேட்கும். அடுத்த வரியை எஞ்சின் விழுங்கிவிடும். வளைவில் பாயோடு சேர்ந்து இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் சறுக்கினாள். "மெல்லப் போடா! என் தம்பியோட என்னியும் சேத்து எடுத்துடுவ போலக்குதே!" என்றாள். கொஞ்ச தூரம் போனதும் அழுகையில்லாத குரலில் கேட்டாள்: "இந்தக் காருதான அவன் உசுர எடுத்துது?"

"இழுப்பு அத்தே. எத்தினி வருஷமா இருந்துச்சு."

"இழுப்புதான். ஆனா கவல வந்து அத்த பெருசாக்கிச்சு. ஏரில டின்ன போட்டு நசுக்கறானாம், ஊரே சொல்லுது. பெத்தவனுக்குக் கேக்காதா?"

எதைச் சொன்னாலும் கத்தலாகத்தான் வெளியே வரும் என்று பல்லைக் கடித்துக்கொண்டான்.

திருத்தணிக்குள் நுழையும்போது மெட்ராஸ் ரோடு பிரியும் இடத்தில் தஸ்தகீர் பாய் நின்றிருந்தார். வெள்ளைச் சட்டை போட்டு, தலை சீவி, காலடியில் கருவிப் பை, சுவரில் சாய்த்த இரண்டு டயர். வழக்கமாக எண்ணெய்க் கறையோடு இருக்கும் மனிதர் இன்று கல்யாணத்துக்குப் போகிறவர் போல இருந்தார். வண்டி நின்றதும் ஓடி வந்தார்.

"இன்னா தம்பி, இவ்ளோ லேட்டு? எந்தப் பக்கத்துலருந்து வர..." குனிந்து உள்ளே பார்த்தவர் அத்தையைக் கண்டார். தலைமுடியையும் முகத்தையும் பார்த்தார். கேள்வி பாதியில் நின்றது.

"நைனா," என்றான் இளங்கோவன்.

பாய் கதவின் மேல் கையை வைத்தார். அவர் கை வைத்த இடத்தில்தான் அந்த அழியாத நாலு இருந்தது. இடப்பக்கம் பிரிந்த மெட்ராஸ் ரோடு நேராக ஓடியது. ஞாயிற்றுக்கிழமை என்பதால் கூட்டமே இல்லை. அப்படி ஒரு காலி ரோட்டை இளங்கோவன் பார்த்ததே இல்லை. ஸ்டியரிங்கைக் கொஞ்சம், ஒரு சாண், இடது பக்கம் ஒடித்தால் போதும்.

"தம்பி," என்றார் பாய். அவன் கண் போகிற இடத்தை அவர் பார்த்துவிட்டார். "நீ போ. கட பூட்டிட்டு பின்னாலயே வரேன்."

"ரோட்ல நிறுத்தி வெச்சி யாருகூடடா பேசிகினு கீற?" என்றாள் அத்தை.

"போலாம் அத்தே." கியரைப் போட்டபோது பற்சக்கரம் நறநறவென்று கத்தியது. அவன் எப்போதும் அப்படிப் போடுகிறவன் இல்லை.

வீட்டில் அவனை உட்கார விடவில்லை. மூங்கிலுக்குப் போ, பூவுக்குப் போ, ஸ்டேஷனுக்குப் போ என்று சித்தப்பா துரத்திக்கொண்டே இருந்தார். ஒவ்வொரு முறை வண்டி கிளம்பும்போதும் துக்கத்துக்கு வந்தவர்கள் காதைப் பொத்திக்கொண்டார்கள். "கொஞ்சம் சத்தமில்லாம எடுக்கக் கூடாதா?" என்று ஒருவர் கேட்டார். இந்த வண்டியில் அது முடியாது என்று அவருக்கு எப்படிச் சொல்வது? பூக்கடையில் நின்றபோது அடுத்த கடை கடிகாரத்தைப் பார்த்தான். பதினாலாம் நம்பரைக் கூப்பிட்டிருப்பார்கள். ஒருமுறை கூப்பிட்டு, இன்னொருமுறை கூப்பிட்டு, பதினைந்தை அழைத்திருப்பார்கள். மாலையின் ஈரம் சட்டையில் சொட்டியது. அதற்கப்புறம் அவன் எந்தக் கடிகாரத்தையும் பார்க்கவில்லை.

பத்மா வந்து விழுந்து அழுது முடித்த பிறகு, சீட்டின் பேச்சு எழுந்தது. பாய், தலையணை, போர்வை எல்லாவற்றையும் சித்தப்பா மூட்டையாகக் கட்ட வைத்தார். இறந்தவர் படுத்தது, போர்த்தியது எல்லாம் சுடுகாட்டோடு போக வேண்டும். பிறகு சீட்டைக் காலால் தொட்டுக் காட்டினார்.

"இதுவும்."

"அது காரு சீட்டு சித்தப்பா."

"காரு சீட்டுதான். உங்கப்பன் ரெண்டு மாசமா எதுல படுத்தான்? கட்டில்லயா?"

அது உண்மை. மாசியில் சீட்டைக் கழற்றிக் கூடத்தில் கொண்டுவந்து போட்ட அன்று நைனா நாள் பூராவும் திட்டினார். வூடா, ஒர்க்ஷாப்பா என்றார். அன்று இழுப்பு வந்தபோது கட்டிலில் படுக்கவும் முடியவில்லை, நாற்காலியில் உட்காரவும் முடியவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு வந்து அந்தச் சீட்டில் விழுந்தார். பாதி உட்கார்ந்து பாதி சாய்ந்த அந்த வாக்கில் அவருக்கு மூச்சு வந்துவிட்டது. காலையில் எல்லோரும் பார்த்தார்கள். அன்றிலிருந்து அந்தச் சீட்டை விட்டு அவர் இறங்கவே இல்லை. ஒருமுறை பேல் கட்ட வந்த ஆள் அதில் உட்காரப் போனபோது, "டேய், அது பந்தயக் காரு சீட்டுடா, எழுந்திரு," என்று விரட்டினார். அதைக் கேலியாகச் சொன்னாரா, எப்படிச் சொன்னார் என்று இளங்கோவனுக்கு அப்போதும் தெரியவில்லை.

"அம்மா?" என்றான்.

அம்மா சீட்டைப் பார்த்தாள். "அதுலதான் அவருக்கு மூச்சு வந்துச்சு," என்றாள். எதற்கு அப்படிச் சொன்னாள், போகட்டும் என்றா, இருக்கட்டும் என்றா? அவள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். சித்தப்பா அதைப் போகட்டும் என்று எடுத்துக்கொண்டார்.

பறையும் சங்கும் முன்னால் போக, பாடைக்கு முன்னே தீச்சட்டியோடு இளங்கோவன் நடந்தான். மொட்டையடித்த தலையில் வெயில் நேராக இறங்கியது. அவனுக்குப் பின்னால் கொஞ்ச தூரத்தில் ஹெரால்டின் சத்தம். விறகு, நெய், மூட்டை, சீட்டு எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு தஸ்தகீர் பாய் நடை வேகத்தில் ஓட்டி வந்தார். அந்த வண்டிக்கு நடை வேகம் ஒத்துக்கொள்ளாது. உறுமி உறுமி அடங்கியது. பறைக்காரர் ஒருவர் திரும்பிப் பார்த்து, "அண்ணே, நீங்க அடிங்க, நாங்க வேணா நிறுத்திக்கறோம்," என்றார். இரண்டு பேர் சிரித்துவிட்டுச் சட்டென்று வாயை மூடிக்கொண்டார்கள்.

ஏரியைக் குறுக்கே கடந்தபோது நேற்று மாலை அவன் நிறுத்திவைத்த டின்கள் அப்படியே நின்றன. கடைசி டின் புதிது. முன்பு அந்த இடத்தில் வைத்தவையெல்லாம் நசுங்கிப் போனதால் நேற்றுதான் வாங்கியது.

சுடுகாட்டில் எல்லாம் வேகமாக நடந்தது. தோளில் தண்ணீர்ப் பானையை ஏற்றினார்கள். முதுகுப் பக்கம் கொள்ளிக்கட்டையைக் கையில் கொடுத்தார்கள். "சுத்துப்பா," என்றார் சித்தப்பா. இளங்கோவன் நடந்தான். நாலு அடி வைத்திருப்பான்.

"தம்பி! தம்பி! எடமா, எடமா!" தணிகாசலம் ஓடி வந்து தோளைப் பிடித்தார். "கோயிலா இது? வலமா போறியே!"

கூட்டத்தில் முணுமுணுப்பு எழுந்தது. "புள்ளைக்குப் புத்தி தடுமாறிப் போச்சு," என்றார் ஒருவர். "இது கூடவாடா தெரியாது?" என்று சித்தப்பா பல்லைக் கடித்தார். பானைத் தண்ணீர் தளும்பி அவன் நெஞ்சில் வழிந்தது. முகம் சுட்டது. எல்லார் முன்னாலும் கொடி குறுக்கே ஆடியது போல இருந்தது. அப்ப தானா வரும் என்று சொன்னாயே நைனா, அதுவும் வரவில்லையே. விறகுக்கு மேல் மூடிக் கிடந்த அந்த உருவத்தை அவன் பார்த்தான். அவர் இருந்திருந்தால் இருமல் வரும் வரை சிரித்திருப்பார்.

திரும்பினான். இடது கைப் பக்கம் சிதை. ஒரு சுற்று. பானையில் தணிகாசலத்தின் கத்தி ஒரு ஓட்டை கொத்தியது. தண்ணீர் முதுகு வழியாக ஓடியது. இரண்டாம் சுற்று. கால் தடம் முதல் சுற்றின் ஈரத்திலேயே விழுந்தது. மூன்றாம் சுற்றில் அவனை யாரும் பிடிக்கவில்லை, யாரும் வழி சொல்லவில்லை. சிதைக்கு எவ்வளவு நெருக்கமாகப் போகலாமோ அவ்வளவு நெருக்கமாகப் போனான். பானையைப் பின்னால் போட்டான். உடைந்த சத்தம் கேட்டது.

"வெச்சிட்டுப் போ. திரும்பிப் பாக்காத," என்றார் தணிகாசலம்.

வைத்தான். திரும்பிப் பார்க்காமல் நடந்தான்.

கார் வேப்பமரத்தடியில் ஏரியைப் பார்த்தபடி நின்றது. பாய் உள்ளேயிருந்ததையெல்லாம் இறக்கிவிட்டிருந்தார். சாவியை நீட்டினார். மற்றவர்கள் குளிக்கக் கிணற்றங்கரைக்குக் குறுக்கு வழியாக நடக்கத் தொடங்கியிருந்தார்கள்.

"எனக்கு முட்டி வலிக்குது, என்னால நடக்க முடியாது," என்று சித்தப்பா முன்சீட்டில் ஏறினார். "கெணத்தாண்ட இறக்கி வுடு. திரும்பிப் பாக்காம ஓட்டு, ஆங்?"

இளங்கோவன் கிளப்பினான். ஏரிக்குள் இறங்கியதும் வண்டி தன் சத்தத்துக்குத் திரும்பியது. வெடித்த மண் சக்கரத்தடியில் பொடிந்தது. முதல் டின்னைத் தாண்டினான். இரண்டாவது டின். அடுத்ததை மட்டும் பார்த்தான். சித்தப்பா முன்பலகையைப் பிடித்துக்கொண்டார்.

"எங்கடா போற? கெணறு அந்தப் பக்கம்."

இளங்கோவன் மூன்றாவது டின்னையும் தாண்டினான்.

"டேய், உன்னத்தான்! அண்ணன் போன துக்கத்துல நானே..." அதற்குள் வண்டி சடாரென்று வளைந்தது. சித்தப்பா கதவோடு சாய்ந்து வாயை மூடிக்கொண்டார்.

கடைசி டின் நெருங்கியது. பளபளவென்று புதுத் தகரம். பானெட்டுக்கு அப்பால் இடப்பக்கம் மறைந்தது. அவன் அதைத் தேடவில்லை. கை இடமாகப் போனது. இன்னும் போனது. அதற்குமேல் போகாது என்கிற வரை போய் அங்கேயே நின்றது. பின்சக்கரம் மண்ணை வாரி இறைத்தது. டின்னைச் சுற்றி, நின்ற இடத்தில் திரும்புவது போல, ஹெரால்டு சுற்றியது. அவன் திரும்பிப் பார்க்கவில்லை. வண்டி சுற்றியபோது கிணற்றுப் பக்கம் போய், ஊர் போய், மலை போய், முன்கண்ணாடியில் சுடுகாட்டுக் கரை வந்தது.

வேப்பமரத்தடியில் அந்தச் சிவப்புச் சீட்டு ஏரியைப் பார்த்தபடி போடப்பட்டிருந்தது. அதில் தணிகாசலம் கால் நீட்டிச் சாய்ந்திருந்தார். வாயிலிருந்த பீடியை எடுத்துவிட்டு, வெயிலுக்குக் கையை நெற்றியில் வைத்து, வண்டியையே பார்த்துக்கொண்டிருந்தார்.